அண்ணன் போன், தம்பி கம்பி

ராத்திரி பதினொன்றே கால் மணி. ஒரு கையில் லினக்ஸ் போன், இன்னொரு கையில் யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர், வாயில் டார்ச். வீட்டு ரவுட்டரில் வைஃபை விளக்கு மட்டும் கண்ணை மூடிவிட்டது. முதுகில் இருக்கும் நாலு கேபிள் ஓட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேபிள்காரத் தம்பிக்கு அடித்தேன்.

"வைஃபை போயிருக்கும் சார். காலைல வந்து பாக்கறேன். அதுவரைக்கும் ஒயர் சொருகி ஓட்டுங்க."

"லேப்டாப்புல ஒயர் ஓட்டையே கிடையாதே தம்பி."

"அப்ப போன்ல சொருகுங்க சார்" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

அவர் சொன்னது கிண்டல். எனக்கு அது சவாலாகக் கேட்டது. லினக்ஸ் போன் வைத்திருப்பவனின் வியாதியே இதுதான். ஆண்ட்ராய்டும் உள்ளுக்குள் லினக்ஸ் கெர்னல்தானே என்று விவரம் தெரிந்தவர்கள் குறுக்கே வருவார்கள். வாஸ்தவம். ஆனால் ஆண்ட்ராய்டுக்காரன் ஹோட்டலில் மேசைக்கு வந்த தோசையைச் சாப்பிடுகிறவன். நான் சமையலறையிலேயே பாய் விரித்துப் படுத்திருப்பவன். எந்தக் குழாய் ஒழுகினாலும் என் தலையில்தான் சொட்டும்.

அடாப்டரின் வாய் பழைய அகல யூஎஸ்பி, போனின் வாய் யூஎஸ்பி-சி. நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கன்வெர்ட்டர். மூன்றையும் கோத்துச் சொருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. எடுத்துவிட்டு மறுபடி சொருகினேன். துடைத்துச் சொருகினேன். ஊதிச் சொருகினேன். அடாப்டரில் மின்மினி அளவுக்குக்கூட வெளிச்சம் இல்லை.

ஒரு காரியம் தட்டிக்கொண்டே போனால் நம் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? ஜாதகத்தை எடுப்பார்கள். நானும் எடுத்தேன். தோஷம் 1973-இல் இருக்கிறது.

அந்த வருஷம் ஏப்ரல் 3-ஆம் தேதி, நியூயார்க் ஆறாவது அவென்யூ நடைபாதையில், மோட்டரோலா கம்பெனியின் மார்ட்டின் கூப்பர் ஒரு வஸ்துவைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். எடை சுமார் ஒரு கிலோ நூறு கிராம். இன்றைக்கு அந்த எடையில் காதில் எதையாவது வைத்தால் கழுத்துச் சுளுக்குக்கு நாட்டு வைத்தியரைத்தான் பார்க்க வேண்டும். கையடக்க செல்போனிலிருந்து போன உலகின் முதல் அழைப்பு அது. அம்மாவுக்கா பேசினார்? மனைவிக்கா? இல்லை. போட்டிக் கம்பெனியான பெல் லேப்ஸில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்த ஜோயல் எங்கலுக்கு. நாங்கள் முந்திவிட்டோம், நான் தெருவில் நடந்துகொண்டே பேசுகிறேன் என்று தெரியப்படுத்த. ஆக, செல்போன் பிறந்ததே பங்காளியை வெறுப்பேற்றத்தான். இன்றைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வரைக்கும் அந்தக் குலவழக்கம் மாறவில்லை. பேட்டரி அரை மணி தாங்கும், சார்ஜ் ஏறப் பத்து மணி நேரம். வெறுப்பேற்றுவதற்கு அரை மணி தாராளம்.

சரியாக ஏழு வாரம் கழித்து, மே 22-ஆம் தேதி, அதே நாட்டின் எதிர்க்கரையில், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், ஜெராக்ஸ் கம்பெனியின் பார்க் ஆராய்ச்சிக்கூடத்தில், பாப் மெட்கால்ஃப் என்ற இளைஞர் ஒரு மெமோ எழுதினார். கம்ப்யூட்டர்களைக் கேபிளில் கோக்கும் தன் யோசனைக்கு அதில் 'ஈதர்நெட்' என்று பெயர் வைத்தார்.

போன் அண்ணன், கம்பி தம்பி. நாற்பத்தொன்பது நாள்தான் வித்தியாசம். அண்ணன் கம்பியை அறுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். தம்பி கம்பியைக் கட்டிக்கொண்டு ஆபீசில் உட்கார்ந்தான். (அதே மே மாதம் 11-ஆம் தேதி நம்மூரில் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது. காணாமல் போன விஞ்ஞானி எம்.ஜி.ஆரை, உடன்பிறந்த இன்னொரு எம்.ஜி.ஆர் தேடி அலைகிற கதை. கிரகங்கள் அந்த மாதம் அப்படித்தான் நின்றிருக்கின்றன.) பிரிந்த இந்தச் சகோதரர்களை என் வீட்டு வரவேற்பறையில், நடைபாதைக் கடையில் வாங்கிய கன்வெர்ட்டரை வைத்துச் சேர்த்துவைக்கலாம் என்று நான் நினைத்தேனே, அதுதான் என் பேராசை.

இதில் பெரிய வேடிக்கை, தம்பியின் பூர்வீகத்தில் கம்பியே கிடையாது. அவன் தாய்வீடு ஹவாய்.

ஹவாய் பல்கலைக்கழகத்துக்கு நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியர் வந்து சேர்ந்தார். அலைமேல் பலகை போட்டுச் சறுக்குகிற சர்ஃபிங்கில் அவருக்கு இருந்த பைத்தியமும் அவரை அங்கே இழுத்த காரணங்களில் ஒன்று. இதை அவர் ஒளித்ததில்லை. நம்மூரில் ஒரு பேராசிரியர் "கடல் நன்றாக இருக்கிறது, அதனால் இந்தக் காலேஜில் சேர்ந்தேன்" என்று சொன்னால் இன்டர்வியூ கமிட்டி எழுந்து போய்விடும். ஹவாயில் தீவுக்குத் தீவு கடல். டெலிபோன் லைன் தரமும் சுகமில்லை, கட்டணமும் சுகமில்லை. எனவே தீவுகளில் இருக்கும் டெர்மினல்கள் பெரிய கம்ப்யூட்டரோடு ரேடியோவில் பேசட்டும் என்று ஏற்பாடு செய்தார். 1971 ஜூனில் ஓடத் தொடங்கிய அதன் பெயர் அலோஹாநெட். வேகம் நொடிக்கு 9,600 பிட்.

அதில் இருந்த ஒழுங்குமுறை, ஒழுங்கே இல்லாததுதான். யாருக்கு எப்போது பேசத் தோன்றுகிறதோ அப்போது பேசலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் இரண்டும் குழம்பிப் பாழ். பதில் வரவில்லையா, இருவரும் ஆளுக்கொரு இஷ்டப்பட்ட நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி கத்த வேண்டும். நாலு சித்தப்பாக்கள் கூடிய கல்யாண வீட்டுத் திண்ணை இப்படித்தான் இயங்குகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாகப் போய்ச் சேரும். மிச்சம் வெறும் சத்தம். சித்தப்பாக்களுக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான் என்பது என் சொந்த ஆராய்ச்சி.

இப்போது மெட்கால்ஃப். 1972-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுத்தார். கோட்பாடு பற்றாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் ஜெராக்ஸில் வேலைக்கு ஒத்துக்கொண்டாகிவிட்டது. பரவாயில்லை, வா, பட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த நாட்களில் வாஷிங்டனில் ஸ்டீவ் க்ராக்கர் என்ற நண்பர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினார். சோபாவில் படுக்கை, தூக்கம் வரவில்லை. தூக்கம் வருவதற்கு உலகம் கண்டுபிடித்த மிகச் சிறந்த மருந்தான கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்பு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிரித்தார். ஆப்ராம்சனின் அலோஹா கட்டுரை. மருந்து வேலை செய்யவில்லை, ஆள் முழுசாக முழித்துக்கொண்டார். நண்பர் வீட்டு சோபா கொஞ்சம் மெத்தென்று இருந்திருந்தால் எனக்கு இந்த ராத்திரி வந்திருக்காது.

அலோஹாவின் கணக்கைச் சரிபண்ணி, ஹவாய்க்கே போய் இருந்து பார்த்துவிட்டு வந்து, அதை ஆய்வேட்டில் சேர்த்தார். 1973-இல் ஹார்வர்ட் பட்டம் கொடுத்தது.

ஜெராக்ஸுக்கு நெட்வொர்க் எதற்கு? மனிதகுலத்தை இணைக்கவா? பிரிண்டருக்குத் தீனி போட. கேரி ஸ்டார்க்வெதர் அங்கே ஒரு லேசர் பிரிண்டர் செய்து வைத்திருந்தார். நொடிக்கு ஒரு பக்கம் தள்ளும் அசுரன். பகாசுரனுக்கு வண்டி வண்டியாகச் சோறு போக வேண்டும் அல்லவா? அந்த வண்டித்தடம்தான் ஈதர்நெட். இன்றைக்கு உலகம் முழுக்க ஓடும் சமாச்சாரம் பிரிண்ட் எடுப்பதற்காகப் பிறந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அவசரத்துக்கு பிரிண்ட் மட்டும் வருவதில்லை.

பெயரைக் கவனியுங்கள். ஈதர். வெளிச்சம் வெற்றிடத்தில் எப்படிப் பயணம் செய்கிறது என்று புரியாத காலத்தில், எங்கும் நிறைந்த, கண்ணுக்குத் தெரியாத, எடையில்லாத ஒரு வஸ்து இருக்கிறது என்று ஐரோப்பியர்கள் கதைகட்டினார்கள். நம் ஐம்பூதங்களில் ஆகாயத்துக்கு இருக்கும் அதே உத்தியோகம். 1887-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் மைக்கேல்சன், மோர்லி என்ற இருவர் அதை அளக்கப் போனார்கள். அகப்படவில்லை. எண்பத்தாறு வருஷம் கழித்து மெட்கால்ஃப் அந்தச் செத்துப்போன பெயரைத் தூசி தட்டி எடுத்துத் தன் கேபிளுக்குச் சூட்டினார். சிக்னலைச் சுமந்துகொண்டு தான் பாட்டுக்குச் சும்மா கிடக்கும் ஊடகம் என்ற அர்த்தத்தில். கம்பியே இல்லாத வெற்றிடத்துக்காகக் கற்பனை செய்த பொருளின் பெயரை உலகத்திலேயே தடிமனான கம்பிக்கு வைத்தார்கள். நம்மூரில் கறுப்பாக இருப்பவருக்கு வெள்ளைச்சாமி என்று வைப்பதில்லையா, அப்படி.

கேபிள் சுருளோடு மெட்கால்ஃப் மல்லுக்கட்டியதைப் பார்த்து உதவிக்கு வந்தவர் டேவிட் பாக்ஸ். அமெச்சூர் ரேடியோக்காரர், கையில் சால்டரிங் நிற்கும். ஒருவருக்குப் பேச்சு, ஒருவருக்குக் கை. நல்ல ஜோடி. 1973 நவம்பர் வாக்கில் சாதனம் ஓடியது. வேகம் 2.94 மெகாபிட். இதென்ன மூன்றுகூட இல்லாமல் கால் குறைந்த கணக்கு? அவர்களுடைய ஆல்ட்டோ கம்ப்யூட்டரின் கடிகாரத் துடிப்பிலிருந்தே ஓசியில் எடுத்துக்கொண்டதால் வந்த எண். கேபிளில் கிளை பிரிக்கப் பயன்படுத்தியதும் கேபிள் டிவிக்காரர்கள் வைத்திருந்த சாமான்தான். பக்கத்து வீட்டு லைனில் கொக்கி போடும் கலையின் மூலவர்கள் கலிஃபோர்னியாவில் இருந்திருக்கிறார்கள் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு ஆறுதல்.

சித்தப்பாக்களுக்கு மெட்கால்ஃப் ஒரு மரியாதை கற்றுக்கொடுத்தார். பேசுவதற்கு முன் காதைத் தீட்டு, யாராவது பேசினால் பொறு. பேசும்போதும் கேட்டுக்கொண்டே இரு, மோதிவிட்டால் உடனே நிறுத்து. பிறகு குலுக்குச்சீட்டில் வந்த நேரம் காத்திரு. மறுபடி மோதினால் சீட்டுகளை இரட்டிப்பாக்கு. இன்னும் மோதினால் இன்னும் இரட்டிப்பு. பதினாறு தடவை முட்டியும் வழி கிடைக்காவிட்டால் கையை விரித்துவிடு. திருப்பதி கியூவில்கூட இவ்வளவு நாசூக்கு கிடையாது.

1980-இல் டெக், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் கூட்டுச்சேர்ந்து 10 மெகாபிட் ஈதர்நெட்டை ஊரறிய வெளியிட்டன. ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட்டில் ஒரு முகவரி. இந்த ஏற்பாட்டில் பம்பாய் ஐஐடியில் படித்துவிட்டுப் போன யோகன் தலாலின் கை பெரிது. மொத்தம் 281 லட்சம் கோடி முகவரி. ஒரு கருவிக்கு ஒன்று, உலகத்தில் வேறெதற்கும் அதே எண் வராது என்பது பேச்சு. பிற்பாடு மலிவு அடாப்டர் செய்கிறவர்கள் சிலர் பெட்டி பெட்டியாக எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை அச்சடித்து அனுப்பினார்கள். 281 லட்சம் கோடி வீடு கட்டிக் கொடுத்தாலும் நாங்கள் கூட்டுக் குடும்பமாகத்தான் இருப்போம் என்கிற பிடிவாதம்.

அந்தக் காலத்துக் கேபிளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மஞ்சள் நிறம், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பருமன், வளைந்துகொடுக்கும் குணம் பூஜ்யம். அரைக் கிலோமீட்டர் வரை ஒரே நீட்டாகப் போகும். இரண்டரை மீட்டருக்கு ஒரு கறுப்பு வளையம் போட்டிருக்கும். வளையம் இருக்கும் இடத்தில்தான் கம்ப்யூட்டரை இணைக்கலாம். இணைப்பது எப்படி? கேபிளைத் துளை போட்டு, நடுநரம்பைத் தொடும்படி ஒரு பல்லை இறக்க வேண்டும். இந்தச் சாமானுக்கு ரத்தக்காட்டேரி என்றே பட்டப்பெயர். துளை ஒரு நூல் தவறினால் கட்டடத்தில் பாதிப் பேர் எழுந்து நின்று உன்னைத் தேடுவார்கள்.

இது கட்டுபடியாகாமல் மெல்லிய கேபிள் வந்தது. நீளம் 200 மீட்டர் என்று பெயரில் இருக்கும், உண்மையில் 185. (அளவில் அடிப்பது துணிக்கடையோடு நிற்கவில்லை.) ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று டி-வடிவக் குமிழில் கோத்துக்கொண்டே போய் இரண்டு முனையிலும் மூடி போட வேண்டும். மாரியம்மன் திருவிழா சீரியல் செட்டேதான். மேசையை நகர்த்துகிறேன் என்று ஒருவர் ஒரு குமிழைக் கழற்றினால் மொத்தத் தெருவும் இருட்டு. அந்தக் காலத்து நெட்வொர்க் நிர்வாகி என்பவர் மேசைக்கடியில் தவழ்ந்தே முட்டி தேய்ந்தவர்.

எதிர்முகாமில் ஐபிஎம். இப்படித் திண்ணைச் சத்தமாக இருப்பது அவர்கள் கௌரவத்துக்கு ஒத்துவரவில்லை. 1985-இல் டோக்கன் ரிங் கொண்டுவந்தார்கள். வட்டமாக உட்கார வேண்டும், டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், பேசிவிட்டு அடுத்தவருக்குத் தர வேண்டும். கேட்க எவ்வளவு நாகரிகம்! மோதலே கிடையாது. விலைதான் எட்டாத உயரம். ஒழுங்காக உட்கார்ந்த சபையைக் கத்துகிற திண்ணை தோற்கடித்தது. காரணம் ஒன்றே ஒன்று, திண்ணை மலிவு.

1990-இல் தம்பி செய்த காரியம்தான் உச்சம். மஞ்சள் மலைப்பாம்பை உதறிவிட்டு, முறுக்கிய செப்புக் கம்பிக்கு மாறினான். யாருடைய கம்பி? அலுவலகச் சுவர்களுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த டெலிபோன் கம்பியின் வம்சம். முனையில் இருக்கும் கண்ணாடி மாதிரியான அந்தச் செருகி, டெலிபோன் செருகிக்குப் பெரியப்பா முறை. அண்ணன் வேண்டாம் என்று அறுத்துப் போட்டுவிட்டுப் போன போன் கம்பியைத் தம்பி எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். அந்தச் செருகியின் தலையில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு உண்டு. க்ளிக் என்று பூட்டிக்கொள்ளும். அது முதலில் உடைவதற்காகவே தயாரிக்கப்படுகிறது. இந்த நாக்கு நமக்குப் பின்னால் தேவைப்படும், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈதர்நெட்டின் தந்தையைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1979-இல் ஜெராக்ஸிலிருந்து கம்பி நீட்டி, த்ரீகாம் என்ற கம்பெனி தொடங்கிச் சம்பாதித்து, பிறகு பத்திரிகையில் பத்தி எழுத உட்கார்ந்தார். 1995 கடைசியில், அடுத்த வருஷமே இன்டர்நெட் இடிந்து விழும் என்று ஆரூடம் சொன்னார். பலிக்காவிட்டால் எழுதியதைத் தின்கிறேன் என்றும் வாய்விட்டார். 1997-இல் ஒரு மாநாட்டு மேடையில், தான் எழுதிய பத்தியை மிக்ஸியில் போட்டு, தண்ணீர் விட்டு அடித்து, கூழாக்கி, ஸ்பூனால் சாப்பிட்டார். நம் ஜோசியர்கள் யாராவது இதுவரை ஒரு பஞ்சாங்கத்தையாவது சட்னி அரைத்திருக்கிறார்களா? அந்த வகையில் மனிதர் நேர்மையானவர்தான்.

சாப்பிட்டது ஜீரணமான பிறகு, 1999-இல், லினக்ஸ் மேல் பாய்ந்தார். அறுபதுகளின் பழைய சரக்கு, விண்டோஸ் 2000 முன்னால் நிற்காது என்று எழுதினார். 'ஓப்பன் சோர்ஸ்' என்பதில் எழுத்தைக் கூட்டிக் குறைத்து, திறந்த புண் என்று பொருள்வரும்படி சிலேடையும் போட்டார். பாவம், ஆங்கிலத்தில் அதற்கு எழுத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. தமிழில் 'திறந்த மூலம்' என்று அப்படியே சொன்னால் போதும், அதைவிட வலிக்கும்.

இதில் குரூரம் என்னவென்றால், அவர் பெற்ற பிள்ளையை லினக்ஸ் அதற்குள் தத்தெடுத்து வளர்த்து ஆளாக்கிவிட்டிருந்தது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காக ஆரம்பித்த கெர்னலுக்கு, தொண்ணூறுகளின் முதல் பாதியில் டொனால்ட் பெக்கர் என்பவர் ஒவ்வொரு ஈதர்நெட் அட்டைக்காக டிரைவர் எழுதிக்கொண்டே போனார். நாசாவின் காடர்ட் மையத்தில் 1994-இல் பதினாறு சாதாரணக் கம்ப்யூட்டர்களை ஈதர்நெட்டில் கோத்து, பேயுல்ஃப் என்ற மலிவு சூப்பர் கம்ப்யூட்டரைத் தாமஸ் ஸ்டெர்லிங்கும் அவரும் கட்டினார்கள். அட்டை செய்த கம்பெனிகள் விவரம் தரத் தயங்கும், இவர் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து எழுத வேண்டும். பூட்டிய வீட்டுக்கு வெளியே நின்று, வாசனையை வைத்தே உள்ளே என்ன குழம்பு என்று சொல்லுகிற வித்தை. மெட்கால்ஃபின் த்ரீகாம் அட்டைகளுக்கும் லினக்ஸில் அவர்தான் சமையல்.

அந்தக் காலத்தில் லினக்ஸில் முதல் ஈதர்நெட்டுக்கு 'ஈத்0' என்று வீட்டுப்பெயர். குப்பா என்று கூப்பிட்டால் வந்துவிடுவான். 2013-இல், லினக்ஸைத் தொடக்கிவைக்கும் 'சிஸ்டம்டி' மென்பொருளின் கோஷ்டி வந்து, ஒரே வீட்டில் இரண்டு குப்பன் இருந்தால் குழப்பம் என்று பெயர்மாற்றம் செய்தது. யூஎஸ்பி அடாப்டரென்றால் 'இஎன்எக்ஸ்' என்று தொடங்கி, 48 பிட் முகவரியின் பன்னிரண்டு எழுத்தையும் பின்னால் ஒட்டிக்கொள்ளும். மொத்தம் பதினைந்து. லினக்ஸ் அனுமதிக்கும் அதிகபட்ச நீளமும் பதினைந்துதான். அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர், தெரு, கதவிலக்கம் எல்லாம் இனிஷியலாகப் போட்டுக்கொண்டு ஒருவர் கையெழுத்திட, படிவத்தில் கட்டம் சரியாக முடிந்துவிட்ட கதை.

அண்ணன் கதைக்கு வருவோம். 2007 ஜூலையில், ஐபோன் கடைக்கு வந்த அடுத்த மாதம், ஓப்பன்மோக்கோ கூட்டத்தார் ஒரு லினக்ஸ் போன் விற்றார்கள். பெயர் நியோ 1973. கூப்பர் தெருவில் நின்ற வருஷத்தின் நினைவாக. அதே வருஷம் தம்பியும் பிறந்தான் என்பதை அந்தப் பெயர் சொல்லவில்லை, ரத்தபாசம் சொல்லியது. எப்படி என்றால், அந்தப் போனில் வைஃபை கிடையாது. கம்ப்யூட்டரோடு யூஎஸ்பியில் சொருகினால், போன் தானே ஓர் ஈதர்நெட் அடாப்டர் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு நிற்கும். கம்ப்யூட்டரும் ஏமாந்து, யாரோ நெட்வொர்க் அட்டை வந்திருக்கிறார் என்று மரியாதை செய்யும். லினக்ஸ் போன்களில் இந்த வேஷம் கட்டும் பழக்கம் இன்றுவரை தொடர்கிறது. என் போனும் தினமும் காலையில் எழுந்ததும் அரிதாரம் பூசிக்கொள்கிற ரகம்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ராத்திரி மறந்துபோனேன்.

என்னென்ன நெட்வொர்க் இருக்கிறது என்று காட்டும் 'ஐபி லிங்க்' கட்டளையைப் போனில் அடித்துப் பார்த்தேன். 'யூஎஸ்பி0' என்று ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஆஹா, அடாப்டர் வந்துவிட்டது! 172.16.42.1 என்று முகவரிகூட இருக்கிறது! அந்த முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கப் பிங் அடித்தேன். பதில் வந்தது. அதுவும் எப்படி, ஒரு மில்லிசெகண்டில் இருபதில் ஒரு பங்கில். இவ்வளவு வேகமான நெட்வொர்க்கை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. ரவுட்டரைத் திட்டினேன். முக்கால் மணி நேரம் அமைப்புகளை மாற்றினேன். கடைசியில் அலுத்துப்போய் அடாப்டரையே பிடுங்கி எறிந்தேன். பிங் நிற்கவில்லை. அதே பதில், அதே வேகம்.

அந்த 'யூஎஸ்பி0' போன் கட்டிய வேஷம். அந்த முகவரி போனுடைய சொந்த முகவரி. முக்கால் மணி நேரமாகப் போன் தன்னைத்தானே கூப்பிட்டு, தானே 'ஆங், சொல்லுங்க' என்று பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதை நான் இன்டர்நெட் என்று நம்பியிருக்கிறேன்.

அப்போதுதான் புத்தி சரியான திசையில் திரும்பியது. போன் ஏன் இன்னும் அரிதாரத்தோடு நிற்கிறது? யூஎஸ்பி உலகத்தில் ஒருவர் வீட்டுக்காரர், மற்றவர் விருந்தாளி. வீட்டுக்காரர்தான் சாப்பாடு போட வேண்டும், அதாவது 5 வோல்ட் மின்சாரம். அவர்தான் முதலில் பேச வேண்டும். 1996-இல் இன்டெலில் அஜய் பட் முதலானவர்கள் இதை வகுத்தபோது கம்ப்யூட்டர் வீட்டுக்காரர், மற்ற எல்லாம் விருந்தாளி, சந்தேகமே இல்லை. போன் வந்தபிறகுதான் சிக்கல். போன் கம்ப்யூட்டரிடம் போனால் விருந்தாளி, அதனிடம் பென்டிரைவ் வந்தால் வீட்டுக்காரர். 2001-இல் இதற்கென்றே ஆன்-தி-கோ என்று ஒரு ஏற்பாடு வந்தது. செருகியில் ஐந்தாவதாக ஒரு முள், அது தரையைத் தொட்டால் நீ வீட்டுக்காரர். நோக்கியா 2009-இல் விட்ட என்900 போனில் அந்த வீட்டுக்காரர் உத்தியோகமே கொடுக்கப்படவில்லை. ரசிகர்கள் கெர்னலைக் குடைந்து தாங்களாகவே பட்டாபிஷேகம் செய்துகொண்டார்கள்.

2014-இல் வந்த யூஎஸ்பி-சியில் முள்ளுக்குப் பதில் ரெசிஸ்டர். என் கன்வெர்ட்டருக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்க வேண்டும். எள் அளவு சாமான். அதைத் தொட்டுப் பார்த்துத்தான் போன் 'ஓ, விருந்தாளி வந்திருக்கிறார், நாம் வீட்டுக்காரர்' என்று வேட்டியை இறுக்கிக்கொண்டு எழும். நான் வாங்கிய கன்வெர்ட்டரில் அந்த எள்ளை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். விளைவு, போனும் தன்னை விருந்தாளி என்று நினைத்துக்கொண்டது, அடாப்டரும் விருந்தாளி. காலி வீட்டில் இரண்டு விருந்தாளிகள் எதிரெதிரே உட்கார்ந்து, யார் காபி கொண்டுவருவார்கள் என்று சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? பல்லி சத்தம்தான் கேட்கும்.

பழைய பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன். எந்தப் போனோடு வந்ததோ தெரியாத இன்னொரு கன்வெர்ட்டர், சேஃப்டி பின்களுக்கு நடுவில் கிடந்தது. அதைப் போட்டதும் கெர்னலின் நாட்குறிப்பான 'டிமெசேஜ்' வாயைத் திறந்தது. புதிய யூஎஸ்பி சாதனம் வந்திருக்கிறது, இன்ன சிப்பு, இன்ன டிரைவர், பதினைந்து எழுத்துப் பெயர். பெக்கர் பரம்பரைக்கு ஒரு கும்பிடு. அடுத்த வரியில் 'நோ கேரியர்'.

கேரியர் என்றால் டிபன் கேரியர் இல்லை. எதிர்முனையில் யாரும் இல்லை என்று அர்த்தம். கேபிளை உருவிப் பார்த்தேன். ரவுட்டர் பக்கத்துச் செருகியில் பிளாஸ்டிக் நாக்கு எப்போதோ இறைவனடி சேர்ந்திருந்தது. சொருகினால் நிற்கும், கையை எடுத்தால் அரை மில்லிமீட்டர் பின்வாங்கும். ஒரு தீக்குச்சியை ஒடித்து இடுக்கில் ஆப்பு வைத்தேன். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. பச்சை துடித்தது. முகவரி வந்தது. பக்கம் திறந்தது. மணி இரண்டு.

ரூட் பட்டியலைப் பார்த்தால் இன்னொரு விசேஷம். போன் எந்தப் பாதையை முதலில் எடுப்பது என்று லினக்ஸின் நெட்வொர்க்மேனேஜர் எண் கொடுத்து வைத்திருக்கிறது. சிறிய எண்ணுக்கு முதல் மரியாதை. வைஃபைக்கு 600. செல் சிக்னலுக்கு 700. கம்பிக்கு 100. போன் என்று பிறந்ததே எதற்காகவோ அந்த உத்தியோகத்துக்குக் கடைசி வரிசை. பரிவட்டம் தம்பிக்கு.

அதைப் பார்த்து ரசித்துக்கொண்டு ரவுட்டர் மூலையில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், குந்தி உட்கார்ந்திருந்தேன். கேபிள் நீளம் ஒரு மீட்டர். கூப்பர் தெருவில் நடந்துகொண்டே பேசிக் காட்டிய சாதனத்தை, ஹாலில் முக்காலிமேல் லேண்ட்லைன் இருந்த காலத்தில் நின்ற அதே தோரணையில், சுவரோடு ஒட்டிப் பிடித்திருந்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இன்னும் தூங்கலையா? வாசல் லைட்ட அணைச்சீங்களா?"

"இதோ" என்று போனோடு எழுந்து இரண்டு அடி வைத்தேன்.

தீக்குச்சி தரையில் விழுந்தது. டிமெசேஜ் ஒரு வரி எழுதியது: லிங்க் டவுன். வாசல் விளக்கு ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.